பிரேக் அக்காவின் கார் நின்ற இடங்கள்

அவளுடைய காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் அவள் காலடியில். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கார் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அவளுக்கு மட்டும்தான் பிரேக் அக்கா என்று பெயர் விழுந்தது. காரணம், அவள் அந்தப் பிரேக்கை மிதிப்பதே இல்லை. எதிரே லாரி வந்தாலும் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, "நீ பாத்துக்குவ" என்பாள். பார்த்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அவளை மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். அத்தனை கற்றுக்குட்டிகள் கையில் அடிபட்டும் அந்தக் கார் இன்றுவரை ஒரு சுவரைக்கூட உரசியதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும்.

பெண்களுக்கு மட்டும்தான் கற்றுக்கொடுப்பாள். ஆண்கள் யாராவது வந்து கேட்டால், உங்களுக்குத்தான் பிறக்கும்போதே ஓட்டத் தெரியுமாமே, என்னிடம் எதற்கு வருகிறீர்கள் என்று அனுப்பிவிடுவாள். முன்பு ஒரு பெரிய பயிற்சிப் பள்ளியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கியர் மாற்றக் கற்றுத்தருகிறேன் என்று மாணவிகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியரைப் பற்றி முதலாளியிடம் சொன்னாள். முதலாளி சிரித்தார். அன்றைக்கே வேலையை விட்டாள், ஒரு பழைய கார் வாங்கினாள், அதில் இரண்டாவது பிரேக்கைப் பூட்டினாள். அவளுக்கு அநியாயம் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். சகுனம், ராசி, நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வருகிறவர்களிடம் அதைவிட அதிகமாக வரும். காருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்க வந்த ஒருத்தியிடம், பழத்தைச் சாறு பிழிந்து குடி, நிதானமாவது வரும் என்றாள்.

மாணவிகளுக்கு அவரவர் ஓட்டும் லட்சணத்தை வைத்துப் பெயர் வைப்பாள். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிறவள் ஹாரன். திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவள் தியானம். அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு, வேறு எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இல்லாதது. ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பகுதியிலும், மாணவி தன் சொந்த வீட்டு வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்திப் பழக வேண்டும். உள்ளே நுழைத்து, வெளியே எடுத்து, மறுபடியும் நுழைத்து. மைதானத்தில் நிறுத்தக் கற்பது பரீட்சைக்கு, சொந்த வாசலில் நிறுத்தக் கற்பது ஆயுசுக்கு என்பது அவள் கட்சி. முதல் பாடத்திலேயே இதைச் சொல்லிவிடுவாள். அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், பார்த்துப் பார்த்து அவர்களுக்கே அலுத்துப்போக வேண்டும், அப்புறம்தான் ஒரு பெண்ணுக்கு ஸ்டியரிங் கைவசமாகும் என்பாள்.

கண்ணாடி என்று அவள் பெயர் வைத்தவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கவே மாட்டாள். கண் எப்போதும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியிலேயே இருக்கும். அதற்குக் காரணம் இருந்தது. முதல் பாடத்துக்கு அவளுடைய கணவரும் கூட வந்து பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து இழப்பீடுகளை ஆராயும் அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல், பேச்சுக்குப் பேச்சு மேடம். மனைவி கியர் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்புவார். அவ்வளவுதான், வேறெதுவும் பேச மாட்டார். பிரேக் அக்கா தன் வழக்கப்படி சொந்த வாசல் கதையைச் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் பாடத்துக்கும் வந்து உட்கார்ந்தபோது அவள் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டாள்.

"சார், வண்டிய ஓட்டுறது அவங்களா நீங்களா?"

"பாதுகாப்புக்குத்தான் மேடம்."

"யாருகிட்டயிருந்து?"

அவர் சிரித்தபடியே இறங்கிக்கொண்டார். மனைவியையும் இறங்கச் சொன்னார். பாடம் அதோடு நின்றது.

பல மாதங்கள் கழித்து, தெரியாத ஓர் எண்ணிலிருந்து கண்ணாடி கூப்பிட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர் அவளை அடித்தாரா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல அவளிடம் காயம் எதுவும் இல்லை. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தார், சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டார், அம்மாவோடு போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவே. கோர்ட்டில் ஒருவழியாக, அவர் அவளை நெருங்கக் கூடாது என்று தடை வாங்கியிருந்தாள். இப்போது ஒரு சலவைக்கடையில் வேலை. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனம் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஓட்டுநர் உரிமம் மட்டும் வேண்டும். அது கிடைத்தால் மகளோடு காலூன்றி நிற்கலாம்.

பிரேக் அக்கா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். போனில் அவள் எண்ணை 'வாஷிங் மெஷின் ரிப்பேர்' என்று பதிந்துவைத்தாள். முகவரியை எங்கும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு முனையில் ஏற்றிக்கொண்டாள். மற்ற மாணவிகளிடம் மூச்சு விடவில்லை. இத்தனையும் செய்துவிட்டு, பாடத்தின் கடைசியில், வழக்கம்போல, கண்ணாடி இப்போது குடியிருந்த, நீலக் கேட் போட்ட அடுக்குமாடி வீட்டின் வாசலில் காரை நிறுத்தப் பழக்கினாள். அதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாடம் என்றால் பாடம்.

அந்தத் தெருக்களில் வெள்ளைக் கார்கள் சில மெதுவாகப் போய்வருவதைப் பார்த்திருக்கிறாள். கூரையில் இரண்டு பக்கமும் கேமரா. வரைபடம் எடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு பிற்பகல், புதியவர்களைப் பழக்கும் திறந்த மைதானத்தில் அடுத்த மாணவிக்காகக் காத்திருந்தாள். என்ஜினை அணைத்துவிட்டுத் தன் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்தது. தியானம்தான் சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்பவில்லை.

"ரொம்ப உழைக்கிறீங்க மேடம்," என்றது மெல்லிய குரல்.

இன்சூரன்ஸ்காரர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனை நீட்டி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். அவளுடைய கார். பெட்ரோல் பங்க் வாசலில். விரலால் தள்ளினார். அவளுடைய கார், அவள் தம்பி வேலை பார்க்கும் வணிக வளாகத்தின் நுழைவில். மறுபடி தள்ளினார். ஒரு மருத்துவமனையின் வாகன நிறுத்தம். அங்கே அவள் போனது தம்பிக்குக்கூடத் தெரியாது. மார்பில் ஏதோ தட்டுப்பட்டதாகத் தோன்றிச் சோதனைக்குப் போனாள், ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், யாரையும் கலவரப்படுத்த வேண்டாமென்று அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"உடம்பப் பாத்துக்கங்க," என்றார் அவர். நிஜமான அக்கறை போலவே இருந்தது.

அப்புறம் வாசல்கள் வர ஆரம்பித்தன. ஹாரனுடைய வாசல். தியானத்துடைய வாசல். பூந்தொட்டி வைத்த ஏதோ ஒரு வாசல். ஒவ்வொன்றிலும் தலையில் 'பயிற்சி' என்ற மஞ்சள் பலகையோடு அவளுடைய கார், பக்கத்தில் தேதி, நேரம். பாடம் முடிகிற நேரத்தில் சொந்த வாசல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் மேடம், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்றார். அவள் கண்ணை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எந்த வாசல் என்று இவருக்குத் தெரியாது, இவர் தூண்டில் போடுகிறார், இவர் என் முகத்தைத்தான் படிக்கிறார் என்று புரிந்துவிட்டது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். படங்கள் போய்க்கொண்டே இருந்தன. நீலக் கேட் வந்தது.

முகம் அசையவில்லை. கால் அசைந்தது. இத்தனை வருஷத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் மிதிக்காத பிரேக்கை, நின்றுகொண்டிருந்த காரில், அவள் கால் தானாக மிதித்தது. மிதிகட்டை கிறீச்சென்றது.

"போதும் மேடம்," என்று அவர் போனை அணைத்தார்.

கோர்ட் தடை போட்டிருப்பது ஞாபகமிருக்கிறதா என்று அவள் கேட்டாள். தான் கிட்டவே போகவில்லையே, போகவும் போவதில்லை என்றார் அவர். நான் மனைவியைத் தேடவில்லை, ஒரு காரைத்தான் தேடினேன், கார் தெருவில் நிற்கிறது, தெருவில் நிற்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "தெரியும்னு மட்டும் சொல்லிடுங்க. அவளே வந்துடுவா." கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அவள் அன்றைக்கு மற்ற பாடங்களை எல்லாம் ரத்து செய்தாள். காரை மைதானத்திலேயே பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். ஏறிய பிறகும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பஸ் நிற்கும் ஒவ்வொரு சிக்னலிலும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பெட்ரோல் பங்க் கூரையில் ஒன்று, வங்கி வாசலில் ஒன்று, மருந்துக்கடைப் பலகைக்கு மேல் ஒன்று. இத்தனை நாள் இந்தத் தெருக்களில் சுற்றி வந்தும் ஒன்றையும் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. மாணவிகளிடம் கண்ணைத் திறந்துவைத்து ஓட்டு என்று கத்தியவள் அவள்தான். ஒரு பஸ்ஸில் இறங்கி இன்னொன்றில் ஏறினாள். தன்னை யாராவது பின்தொடர்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் பின்தொடரவில்லை. பின்தொடரத் தேவையே இல்லாமல் போய்விட்டது என்பதுதான் அவளை உறுத்தியது.

சலவைக்கடையின் பின்கட்டில் கண்ணாடி ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிரேக் அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பின் இருக்கை, படங்கள், நீலக் கேட், தன் கால். கண்ணாடி கையிலிருந்த போர்வையை ஓரம் பார்த்து மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்து, அதற்கப்புறம்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, நான் போன மாத்தினேன். வேலைய மாத்தினேன். பாப்பாவோட ஸ்கூல மாத்தினேன். முடியக்கூட வெட்டிக்கிட்டேன். நீங்க உங்க பாடத்த மாத்தலையே."

பிரேக் அக்கா குனிந்து அடுத்த போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அழுவதற்கு நேரமும் இருக்கவில்லை. பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாருடைய காரையாவது கேட்கலாமா என்று கண்ணாடி ஆரம்பித்தாள். எந்தக் காரானாலும் அதற்கும் ஒரு நம்பர் இருக்கும், புது வாசலில் அது நின்றால் அதுவும் படமாகும் என்று பிரேக் அக்கா சொல்லிவிட்டாள். சலவைக்கடை முதலாளியம்மா இரைச்சலான இயந்திரங்களுக்கு நடுவே இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வேன் இருந்தது. விடுதி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், தனி வீடு என்று நாளெல்லாம் நகரம் முழுக்க நிற்கும் வேன்.

"எல்லா வாசல்லயும் நிக்கிற வண்டிய வெச்சு எந்த வாசல்னு எப்பிடிடி கண்டுபிடிப்பான்?" என்றாள் முதலாளியம்மா. இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் கண்ணாடியும் மகளும் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேறு எங்கோ போனார்கள். எங்கே என்று பிரேக் அக்கா கேட்கவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நீலக் கேட் வீட்டில் பாதிச் சாமான் அப்படியே கிடந்தது. பாப்பாவின் புதுச் சைக்கிளும் அதில் ஒன்று.

வீட்டுக்கு வந்து தம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், முறைபோட்டுச் சமைத்தார்கள், முறைவைக்காமல் சண்டை போட்டார்கள். அவன் வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் மேற்பார்வையாளன். அங்கே சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு நம்பர் பலகையைக் கேமரா படிக்கும் ஏற்பாடு வந்தபோது இவள்தான் முதலில் பாராட்டியவள். மனுஷனைவிட மெஷின் யோக்கியமாக இருக்கும் என்றாள். அதைத் தம்பி இப்போது நினைவுபடுத்தினான். இந்தப் படங்களை எல்லாம் ஒரு தனியார் நிறுவனம் வாங்கிக்கொள்கிறது, அவர்களுடைய வெள்ளைக் கார்களும் எடுக்கின்றன, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்துத் தேட விடுகிறார்கள் என்றான். அவன் குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

"நம்பர் பலகை என்ன ரகசியமாக்கா? ஊருக்குக் காட்டத்தான ஒட்டியிருக்கு?"

"டேய், என்னை டீக்கடைக்காரர் பாக்குறாரு, பெட்ரோல் போடுறவன் பாக்குறான், எதிர் வீட்டம்மா பாக்குறாங்க. ஆளுக்கு ஒரு தடவ. அவங்க எல்லாரும் சேந்து ஒரு ரூம்ல உக்காந்து, நான் எப்போ எங்க போனேன்னு பேசி முடிச்சு, கேக்குறவனுக்கு வித்தா, அதுக்குப் பேரும் பாக்குறதுதானா?"

தம்பி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டான். அவள் பேச்சுவாக்கில் அதையும் சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் அவன் வாதாடவில்லை. அந்த நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று சொன்னான்.

கண்ணாடிக் கட்டடத்தின் மேல் மாடியில் குளிரூட்டிய அறை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமைசாலி. பிரேக் அக்கா காரின் பதிவுப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, இது என் கார், இதை நீங்கள் எடுத்த படங்களை எனக்குக் காட்டுங்கள் என்றாள். அது முடியாது என்றாள் அந்தப் பெண். படங்கள் நிறுவனத்தின் சொத்து, சந்தாதாரர்களுக்கு மட்டும்தான். சரி, அழித்துவிடுங்கள். அதுவும் முடியாது, பொது இடத்தில் எடுத்தவை. சரி, என் நம்பரை யார் யார் தேடினார்கள் என்றாவது சொல்லுங்கள்.

"அது எங்க வாடிக்கையாளரோட தனியுரிமைங்க."

பிரேக் அக்காவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பவும் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பவும் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் குரல் இறங்கி. அறைக்குள்ளே எட்டிப் பார்க்கிறவனுக்குத் திரைச்சீலை, உள்ளே இருக்கிறவளுக்கு ஒன்றுமில்லை. யார் செய்த நியாயம் இது என்று அவள் கேட்டாள். இதைச் செய்தவர்கள் இந்தக் கட்டடத்தில் உட்கார்வதில்லை என்பது அவளுக்கே தெரியும். உட்கார்ந்திருந்தது மாதச் சம்பளத்துக்கு வந்த ஒரு பெண். அவளுக்கும் ஒரு ஸ்கூட்டர் கீழே நிற்கும், அதற்கும் நம்பர் இருக்கும்.

"ஆனா யாரும் சும்மா தேட முடியாதுங்க," என்றாள் அந்தப் பெண், ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமென்று. "திருட்டு, விபத்து, இப்படி ஏதாவது காரணம் போட்டாத்தான் உள்ளயே விடும். இன்சூரன்ஸ்காரங்கன்னா கிளெய்ம் நம்பர் போடணும்."

"காரணம் நிஜமான்னு யாரு பாக்குறா?"

அந்தப் பெண் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தாள்.

போதும் என்று பிரேக் அக்கா எழுந்தாள். படிகளில் இறங்கும்போதே மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் என் காரைத் தேடியிருந்தால், என் கார்மேல் ஒரு விபத்தை எழுதியிருக்க வேண்டும். என் கார்மேல்.

மறுநாள் காலை இன்சூரன்ஸ்காரர் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கவுண்டரில் நின்றாள். காத்திருக்கும் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் கார்மேல் ஏதோ கிளெய்ம் இருக்கிறதாகக் கேள்விப்பட்டேன், என்ன விபத்து என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்று நம்பரைச் சொன்னாள். கவுண்டர்காரர் தட்டிப் பார்த்தார். இருக்கிறது என்றார். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் என்று சந்தேகம், விசாரணையில் இருக்கிறது.

எந்தக் காரையும் எந்தச் சுவரையும் உரசாத வண்டி. அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. மோதியது எங்கே, அடிபட்டது யார், புகார் கொடுத்தது யார் என்று கேட்டாள். அந்த இடங்களெல்லாம் காலியாக இருந்தன. எழுதிய அதிகாரி யார் என்று கேட்டபோது கவுண்டர்காரர் தன்னையறியாமல் திரும்பி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இஸ்திரி கலையாத சட்டையோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தவரைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் நின்றன.

மேலாளர் வந்தார். உள்ளே போய்ப் பேசலாம், காபி சாப்பிடுகிறீர்களா என்றார். இங்கேயே பேசலாம் என்றாள். இது எங்கள் உள்விவகாரம், நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம் என்றார். அதை எழுத்தில் கொடுங்கள் என்றாள். அப்படி வழக்கமில்லை என்றார். தடை உத்தரவு வாங்கிய மனைவியின் வாசலைக் கண்டுபிடிக்க, உங்கள் ஆள், உங்கள் கம்பெனியின் பெயரில், நடக்காத விபத்தை எழுதியிருக்கிறார் என்று அவள் சொன்னபோது மேலாளரின் முகத்திலிருந்த காபி உபசாரம் காணாமல் போனது. அவள் நாற்காலிகளில் இருந்தவர்களின் பக்கம் திரும்பினாள்.

"உங்க வண்டி நேத்து எங்க நின்னுச்சுன்னு உங்களுக்கு மறந்திருக்கும். இவங்களுக்கு மறக்காது. கேட்டுட்டுப் போங்க."

பெரிய எழுச்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் தன் முறை தள்ளிப்போகிறதே என்று முணுமுணுத்தார். ஒரே ஒரு அம்மாள் மட்டும் எழுந்து கவுண்டருக்கு வந்து, என்னுடையதையும் பாருங்கள் என்று தன் நம்பரைச் சொன்னாள். பாவம் அந்தக் கவுண்டர்காரர், தட்டுவதா வேண்டாமா என்று மேலாளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் எழுதிக் கொடுத்தார். ஆதாரமில்லாமல் பதிவான கிளெய்ம், ரத்து செய்யப்பட்டது, பதிவு செய்தவர் இன்னார். மூன்றே வரி. அவள் அதைக் கண்ணாடியின் வக்கீலிடம் சேர்த்தாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இன்சூரன்ஸ்காரர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். தேடும் வசதி அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். மனைவியை நெருங்கக் கூடாது என்ற தடையில், யார் மூலமும் எதன் மூலமும் தேடக் கூடாது என்பதையும் சேர்க்க வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வெள்ளைக் கார்கள் இப்போதும் போய்வருகின்றன. பிரேக் அக்கா சொந்த வாசல் பாடத்தை நிறுத்திவிட்டாள். ஒரு பெண் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திப் பழகுவதைக்கூட ஒருவன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டானே என்ற எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. பாடம் நடக்கும்போது அவளுடைய கால் இப்போதெல்லாம் சும்மா இருப்பதில்லை என்று மாணவிகள் சொல்கிறார்கள்.

உரிமப் பரீட்சை நாளன்று கண்ணாடி வருவாளா என்றே தெரியாமல் இருந்தது. பிரேக் அக்கா காரைச் சோதனை மைதானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வாசலுக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தாள். பெயர் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் கண்ணாடி வந்து சேர்ந்தாள். முடியை இன்னும் குட்டையாக வெட்டியிருந்தாள். நடுவில் ஒரு பாடம்கூட இல்லை, எல்லாம் மறந்திருக்கும் என்றாள். பிரேக் அக்கா சாவியைக் கொடுத்தாள். சொல்ல நினைத்திருந்த மன்னிப்பைச் சொல்லாமல், இருக்கையை முன்னுக்கு நகர்த்திக் கொடுத்தாள்.

பரீட்சை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கார் ஏற்றத்தில் ஏறியது, நின்றது, பின்னுக்கு வழுக்காமல் கிளம்பியது. கம்பங்களுக்கு நடுவில் வளைந்து பின்னால் வந்தது. ஓரிடத்தில் அணைந்துபோனது, மறுபடி உயிர் பெற்றது. வேலிக்கு வெளியே நின்ற பிரேக் அக்கா காலால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி இறங்கி வந்தபோது அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அணைஞ்சிடுச்சே, பாத்தீங்களா," என்றாள்.

"பாத்தேன். நீ பாத்துக்கிட்டியே."

கண்ணாடி சிரித்தாள். அடுத்த வாரமே வேலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களே ஒரு சின்னக் கார் கொடுக்கிறார்கள் என்றாள். அதைச் சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் காருக்கும் ஒரு நம்பர் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அதுதான் தோன்றியது. பார்க்கலாம் என்றாள் கண்ணாடி. ஓட்டாமல் இருக்க முடியாதே, வேலைக்குப் போக வேண்டுமே. முதலாளியம்மாவிடம் பேசியிருக்கிறேன், வீட்டிலிருந்து தள்ளி அவர்கள் வேன் நிற்கும் கொட்டகையில் காரை விட்டுவிட்டு நடந்துபோவேன் என்றாள். ஒரு பெண் சுதந்திரமாக ஓட்டக் கற்றுக்கொண்டது, காரைத் தன் வீட்டிலிருந்து தூரத்தில் ஒளித்துவைக்கத்தான் என்று ஆகிவிட்டது. பிரேக் அக்காவின் வாயில் நாலைந்து கெட்ட வார்த்தைகள் வந்தன. எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள்.

பாப்பாவின் சைக்கிள் என் வீட்டில் இருக்கிறது, நீலக் கேட் வீட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். சலவைக்கடையில் கொடுத்துவிடுங்கள் அக்கா, வேனில் வந்துவிடும் என்றாள் கண்ணாடி.

வழக்கமாக இந்த இடத்தில், ஏறு, கொண்டுபோய் விடுகிறேன் என்பாள் பிரேக் அக்கா. வாய் திறந்தது. கண்ணாடி காரின் மூக்கிலிருந்த நம்பர் பலகையைப் பார்த்தாள். வேண்டாம் அக்கா, பஸ் இருக்கிறது என்றாள்.

நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக பஸ்கள் வந்துகொண்டிருந்தன. பிரேக் அக்கா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, நிறுத்தத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். எந்த பஸ் என்று தனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், என்றைக்காவது யாராவது பின் இருக்கையில் வந்து உட்கார்ந்து பஸ் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடும். ஒரு பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் இன்னொன்று. அவள் திரும்பவில்லை. அடுத்த பாடத்துக்கு நேரமாகிவிட்டதென்று போன் அடித்துக்கொண்டே இருந்தது.